சாம்பல் நிறத்தை முடிவு செய்வது யார்?

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை ஒட்டியுள்ள ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிலின் பெரிய குளத்தை ஒருவர் கறுப்பு வெள்ளையில் படமெடுக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே பச்சைத் தென்னைகள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், பாசி ஏறிய கல்படிகள், படியில் நிற்பவரின் வெள்ளை முண்டு, அதற்கு மேலே வெற்று மார்பின் மாநிறம், எல்லாவற்றுக்கும் மேலே மழைமேகம். வண்ணப் படம் என்றால் இவை ஒவ்வொன்றும் தன்னைத்தானே பிரித்துக் காட்டிக்கொள்ளும். கறுப்பு வெள்ளையில் அந்த உதவி கிடையாது. தென்னங்கீற்றின் பச்சையும் ஓட்டின் சிவப்பும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நேரத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். கூரை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஓட்டை வெளுப்பாக்கி மரத்தைக் கறுப்பாக்கலாம், மரத்தை வெளுப்பாக்கி ஓட்டைக் கறுப்பாக்கலாம். இரண்டுமே அந்தக் குளக்கரையின் படம்தான். ஆக, நிறத்தைச் சாம்பலாக மாற்றுவதற்கு ஒரு விதி வேண்டும், அந்த விதியை யாராவது வகுத்தாக வேண்டும். ஃபிலிமா டிஜிட்டலா என்ற பழைய வழக்கு பெரும்பாலும் கிரெயின் அழகு, கூர்மை, செலவு, வசதி என்றே சுற்றி வருகிறது. அவை முக்கியமில்லாதவை என்று சொல்லமாட்டேன். ஆனால் கறுப்பு வெள்ளையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு, சாம்பலின் விதியை யார், எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

ஃபிலிம் தரப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிமில் அந்த விதி பெட்டிக்குள்ளேயே வருகிறது. வெள்ளி உப்புகளுக்கு இயல்பாக நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும். பச்சை ஏறக்குறையத் தெரியாது, சிவப்பு இருட்டுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் படங்களில் வானம் வெறும் வெள்ளைத் தாளாக இருப்பதும், மரங்கள் கரும்பிண்டங்களாக நிற்பதும் இதனால்தான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப், தஞ்சாவூரையும் மதுரையையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே தொடர்படமாக்கியவர் அவர். ஆவணப்படுத்துவதே பணி என்று நியமிக்கப்பட்ட அதே மனிதர், தம் நெகட்டிவ்களின் மீது தூரிகையால் மேகங்களை வரைந்தார், இலைகளுக்கு உருவம் கொடுத்தார். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. கண் கண்ட மேகத்தை ரசாயனம் காணவில்லை, அதனால் கையால் போட்டார், அவ்வளவுதான். 1900ஐ ஒட்டி திருவிதாங்கூர் அரசுக்காக ஜகரியா டி குரூஸ் எடுத்த காட்சிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில், கர்சன் பிரபுவின் தொகுப்பில் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் நாம் மறந்துவிடும் ஒன்று உண்டு. அவற்றில் தெரிவது அன்றைய கேரளத்தின் வெளிச்சம் என்று நினைக்கிறோம். ஐரோப்பியத் தொழிற்சாலைகள் கண்ணாடியில் பூசி அனுப்பிய ரசாயனத்துக்குத் தெரிந்த வெளிச்சம் மட்டுமே அது.

இதன் விளைவு மேகத்தோடு நிற்கவில்லை, மனிதத் தோலையும் தொட்டது. மாநிறத் தோல் நீலத்தைவிடச் சிவப்பையே மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும். சிவப்பைப் பார்க்காத தட்டில் அந்தத் தோல் இருப்பதைவிடக் கருமையாக விழும், கன்னத்தின் மேடுபள்ளம் கரைந்துபோகும். பச்சையையும் உணரும் ஆர்த்தோகுரோமாட்டிக் வகை வந்த பிறகும் சிவப்பின் கதை மாறவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தட்டுகள் 1906இல் விற்பனைக்கு வந்தாலும், பரவலாகப் புழங்கியது 1920களுக்குப் பிறகுதான். நம் ஊர் ஸ்டூடியோக்களில் முகத்தில் பவுடர் அப்பியதற்கும், நெகட்டிவின் முகப்பகுதியில் பென்சிலால் நுணுக்கமாகத் தீட்டி 'டச்சிங்' செய்ததற்கும் வெளுத்த தோல் மீதான மோகம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ரசாயனம் தன் பங்குக்கு முகத்தை இருட்டடித்திருந்தது என்பதும் உண்மை. அந்தப் பென்சில் வேலையில் ஒரு பகுதியாவது, பொருள் செய்த பிழையைத் திருத்தும் வேலை. ஃபிலிம் உள்ளதை உள்ளபடி காட்டும், டிஜிட்டல்தான் கணினியில் சமைப்பது என்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தாண்டித்தான் அப்படிப் பேச முடியும்.

பான்குரோமாட்டிக் ஃபிலிம் நிலைபெற்றதும், முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பங்கு தொழிற்சாலையிடமிருந்து படமெடுப்பவரின் கைக்கு வந்தது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி போட்டால் வானம் சற்றுக் கருக்கும், மேகம் எழுந்து நிற்கும். சிவப்புக் கண்ணாடி போட்டால் வானம் இடி இறங்கப்போவதுபோல் இருண்டுவிடும், ஓட்டுக் கூரை வெளுக்கும், தென்னை கறுக்கும். ஓட்டையும் தென்னையையும் பொறுத்தவரை பச்சைக் கண்ணாடி இதற்கு நேர்மாறு. எந்தக் கண்ணாடி என்பதை ஷட்டரை அழுத்தும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அழுத்திய பிறகு மாற்ற வழியில்லை. இருட்டறையில் மொத்த அடர்த்தியையும் கான்ட்ராஸ்டையும் கூட்டலாம் குறைக்கலாம், ஓரிடத்தை மறைத்து வெளுக்க வைக்கலாம், ஓரிடத்தை எரித்துக் கறுக்க வைக்கலாம், ஆனால் ஒரே சாம்பலாகிவிட்ட பச்சையையும் சிவப்பையும் பிரிக்க எந்தத் தாளாலும் முடியாது. அதற்கும் முந்தைய முடிவு ஒன்று உண்டு: கேமராவில் எந்த ரோல். 1984 டிசம்பரில் போபாலில், விஷவாயுப் பேரழிவுக்குப் பின், மண்ணில் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் படமெடுத்தார்கள். ராயின் படம் கறுப்பு வெள்ளை, பார்த்தலோமியூவின் படம் வண்ணம். வண்ணப்படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது. கறுப்பு வெள்ளைப் படம் அந்தப் பேரழிவின் அடையாளமாக மக்கள் மனதில் பதிந்தது. ஒரே குழந்தை, ஒரே மண். வண்ணத்தில் மண்ணின் பழுப்பும் தோலின் நிறமும் இது இன்ன ஊரில், இன்ன நாளில் நடந்தது என்று கட்டிப்போடுகின்றன. கறுப்பு வெள்ளையில் முகமும் மண்ணும் ஒரே பொருளாக நெருங்கிவிடுகின்றன. எது உயர்ந்தது என்பது வேறு விவாதம். அன்று அந்த வேறுபாடு படமெடுக்கும் முன்பே கேமராக்களுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. இன்று இரண்டு படமும் ஒரே கோப்புக்குள் அடங்கும்.

டிஜிட்டலின் கதை வேடிக்கையாகத் தொடங்குகிறது. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா கறுப்பு வெள்ளைக் கேமரா. நூறுக்கு நூறு பிக்சல். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. சென்சார் என்பது இயல்பில் நிறக்குருடு. எத்தனை ஒளி விழுந்தது என்று மட்டுமே அது எண்ணும், என்ன நிறத்து ஒளி என்று அதற்குத் தெரியாது. அதே கோடாக்கில் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வழியில், ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்தது: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும், மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணினி ஊகிக்கும். இப்படி நிறமறியாத ஒன்றுக்கு மெனக்கெட்டு நிறம் கற்பித்து, அதற்காக விழும் ஒளியில் பாதிக்கு மேல் வடிகட்டியிலேயே இழந்து, பின்பு ஒரு பொத்தானை அழுத்தி அந்த நிறத்தையும் தூக்கி எறிவதுதான் இன்று பெரும்பாலானோர் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் பொத்தான் என்ன விதியைப் பின்பற்றுகிறது? பரவலாகப் புழங்கும் விதி ஒன்று, சிவப்பில் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 என்று எடுத்துக் கூட்டுகிறது. இது 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கும் படம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பொறியாளர்கள் வகுத்த கணக்கு. மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டது, அதன் வேலைக்கு மிகச் சரியானது. ஆனால் குளக்கரையில் தென்னைக்கும் ஓட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி அந்தக் கணக்குக்கு எந்தக் கருத்தும் இல்லை.

செல்போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிய படங்கள் ஏன் இவ்வளவு சோகையாக இருக்கின்றன என்பதற்கு இதுவே என் விளக்கம். டிஜிட்டலில் உயிர் இல்லை, ஃபிலிமில் ஆன்மா உண்டு என்று சொல்வதெல்லாம் சோம்பேறித்தனமான விமர்சனம். ஃபிலிமில் யாரோ ஒருவர் முடிவு செய்திருந்தார்: தொழிற்சாலையின் ரசாயனரோ, கண்ணாடியைத் தேர்ந்தெடுத்த புகைப்படக்காரரோ. பொத்தானில் புகைப்படத்துக்கென்று யாருமே முடிவு செய்யவில்லை. ஆனால் அதே டிஜிட்டலில், 'ரா' கோப்பாக எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று தனித்தனியாகத் தீர்மானிக்கும் வசதி இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் நூறு கண்ணாடி வைத்திருந்தவருக்கும் கிடைக்காத சுதந்திரம் இது. வானத்தைக் கருக்கச் செய்துவிட்டுத் தோலை மட்டும் அதன் இயல்பான ஒளியில் விடலாம். சிவப்புக் கண்ணாடியால் அது முடியாது. வானத்தைக் கருக்கும்போதே அது முகத்தையும் பீங்கான்போல் வெளுக்கவைத்து, தோலின் குணத்தைத் துடைத்துவிடும். நம்முடைய நிறத்தை அதன் எல்லா அடுக்குகளோடும் சாம்பலில் காட்டுவதற்குக் கறுப்பு வெள்ளை வரலாற்றிலேயே இன்றுதான் மிகச் சிறந்த கருவி நம்மிடம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது கருவியின் குற்றமா?

என் வாதத்துக்கு வலுவான சாட்சி, நிறவடிகட்டியே இல்லாத டிஜிட்டல் கேமராக்கள். லைகா நிறுவனம் 2012இல் எம் மோனோக்ரோம் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. 2023இல் பென்டாக்ஸும் கே-3யில் அப்படி ஒன்றை விற்பனைக்கு விட்டது. இவற்றுக்கு வண்ணமே தெரியாது. வடிகட்டி ஒளியைத் தின்னாததால் மங்கிய வெளிச்சத்தில் கூடுதல் தெளிவு, ஊகம் இல்லாததால் கூடுதல் கூர்மை. விலையைக் கேட்டால் மட்டும் கண் இருட்டும். இந்தக் கேமராவை வாங்கியவர் முதலில் தேடிப் போவது எதை? பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகளை. ஏனென்றால் நிறம் பதிவாகாததால், பச்சையையும் சிவப்பையும் பின்னால் பிரிக்க இங்கும் வழியில்லை. அழுத்தும் முன்பே முடிவெடுக்க வேண்டும். டிஜிட்டல் சென்சார், மெமரி கார்டு, கணினி எல்லாம் இருந்தும் உழைக்கும் முறை முழுக்க ஃபிலிம் காலத்து முறை. வேறுபாடு வெள்ளியிலோ சிலிக்கானிலோ இல்லை, முடிவு விழும் இடத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதைக் கொண்டு காட்டுவது?

இதற்கு ஃபிலிம் அன்பர்கள் சொல்லும் முதல் மறுப்பு நியாயமானது: சாம்பலின் விதி மட்டுமா படம், வெளிச்சத்தை ஏற்கும் விதம் வேறல்லவா? உண்மைதான். ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890இல் ஃபிலிமின் குணத்தை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார்கள். வெளிச்சம் ஏற ஏறக் கருமையும் ஏறும். உச்சியை நெருங்கும்போது ஏற்றம் மெல்லத் தளர்ந்து தோள்போல் வளையும். சென்சாருக்குத் தோள் கிடையாது. நேர்க்கோட்டில் ஏறி, கொள்ளளவு நிறைந்ததும் சட்டென்று முட்டி நிற்கும். அதற்கு மேல் விழுந்த ஒளி முழுக்க ஒரே வெள்ளை. நண்பகல் வெயிலில் கஞ்சி போட்ட வெள்ளை முண்டு, ஈர உடம்பு, நெற்றிச் சந்தனம், பக்கத்தில் நிழலில் கறுத்த கல்: கேரளத்துக் காட்சிகள் இந்த இடத்தில்தான் டிஜிட்டலைச் சோதிக்கும். முண்டின் மடிப்பு ஒருமுறை வெளுத்துவிட்டால் எந்த மென்பொருளும் அதை மீட்காது. இதனால்தான் பழைய பாடம் தலைகீழானது. நெகட்டிவ் எடுக்கும்போது நிழலுக்கு எக்ஸ்போஷர் வை, வெளுப்பைக் கழுவும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். டிஜிட்டலில் வெளுப்பைக் காப்பாற்று, நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம் என்பது பாடம். இந்தப் பாடம் தெரிந்தவருக்கு இன்றைய முழு அளவு சென்சார் பதினான்கு ஸ்டாப் வரை வெளிச்ச வீச்சைத் தரும். சற்றுக் குறைத்து எடுத்து, பின்பு வளைகோட்டில் தோளை வரைந்துவிட்டால் முண்டின் மடிப்பும் தெரியும், கல்லின் பாசியும் தெரியும். கிரெயினும் அப்படியே, போலச் செய்ய முடிந்த ஒன்றுதான். ஃபுஜிஃபிலிம் தன் ஆக்ரோஸ் ஃபிலிமின் தோற்றத்தை 2016இல் எக்ஸ்-ப்ரோ2 கேமராவுக்குள் ஒரு தெரிவாக வைத்தது. 2018இல் அசல் ஃபிலிமை நிறுத்துவதாக அறிவித்தது. நகல் நடமாட, அசல் ஓய்வுபெற்றது. ஆர்வலர்களின் குரலுக்குச் செவிசாய்த்து 2019இல் ஆக்ரோஸ் II என்று திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பது வேறு கதை. பத்திரிகைத் தாளில் அச்சான இரண்டு நல்ல படங்களைப் பக்கத்தில் வைத்து எது ஃபிலிம் என்று கேட்டால், அடித்துச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள்.

இருட்டில் போட்டியே இல்லை. பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்கள் முடியும் நாளில் ஆறாட்டு ஊர்வலம் மாலையில் மேற்குக் கோட்டை வழியாகப் புறப்பட்டு, விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த நேரத்துக்கு விமானங்களையே நிறுத்தி வைப்பார்கள். திரும்பும்போது இரவு, தீவட்டி வெளிச்சம். 400 வேகமுள்ள ஃபிலிமை 1600க்குத் தள்ளிக் கழுவினால் தீவட்டியும் அதைப் பிடித்தவரின் பாதி முகமும் கிடைக்கும், மிச்சமெல்லாம் கறுப்பு. இன்றைய சென்சார் 6400இல் பின்னால் வருகிறவர்களின் முகங்களையும் தந்துவிடும். பாதி முகம்தான் அழகு என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் அந்த அழகு அவர் தேர்ந்தெடுத்ததல்ல, வேறு வழியில்லாததால் கிடைத்தது. முழு முகத்தையும் பதிய முடிந்தவர் பாதியை இருட்டில் விடும்போதுதான் அது தேர்வு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. முடிவைத் தள்ளிப்போடும் வசதி, முடிவெடுக்கும் பொறுப்பையே கரைத்துவிடாதா? முப்பத்தாறு படம்தான் என்றால் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள், கணக்கில்லாமல் எடுக்கலாம் என்றால் பார்ப்பதே நின்றுபோகும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மோட்டார் வைத்த ஃபிலிம் கேமராவால் கிரிக்கெட் மைதானத்தில் ரோல் ரோலாகச் சுட்டுத் தள்ளியவர்களும் ஃபிலிம் காலத்தவர்களே. கட்டுப்பாடு ஃபிலிமின் விலையிலிருந்து வந்தது, அதன் இயல்பிலிருந்து வரவில்லை. புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோவின் அனுபவம் இங்கே எடுத்துப் பார்க்கத் தக்கது. அதுவரை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உழைத்த அவர், 'ஜெனிசிஸ்' திட்டத்தின் நடுவே, 2008இல் டிஜிட்டலுக்கு மாறினார். அழகியல் காரணமெல்லாம் இல்லை. விமான நிலையங்களின் எக்ஸ்ரே சோதனையில் ஃபிலிம் மீண்டும் மீண்டும் மாட்டிக்கொண்டு தரம் கெட்டது. மாறிய பிறகும் திரையில் படம் தேர்ந்தெடுப்பதை அவர் ஏற்கவில்லை. கான்டாக்ட் தாள்களாக அச்சிட்டு, பூதக்கண்ணாடி வைத்துத் தேர்ந்தெடுத்தார். ஃபிலிமில் எடுத்தவற்றுக்கும் டிஜிட்டலில் எடுத்தவற்றுக்கும் தோற்றம் ஒத்துப்போக மென்பொருளில் கிரெயின் சேர்த்தார்கள். பின்பு டிஜிட்டல் கோப்பிலிருந்து பெரிய அளவு நெகட்டிவ் உருவாக்கி, இருட்டறையில் வெள்ளித் தாளில் பிரிண்ட் போட்டார்கள். இந்தச் சுற்றுவழியைச் சிலர் பழைமைப் பிடிவாதம் என்பார்கள். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. டிஜிட்டல் எடுத்துக்கொண்டு போன பொறுப்பை, வேலைமுறையின் ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வலுக்கட்டாயமாகத் திரும்பக் கொண்டுவந்தார். பொறுப்பு கருவியோடு சேர்ந்து வராதபோது, அதைத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஃபிலிமின் பக்கம் சாய்கிறவர்கள் அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் நமக்கே சொந்த ஃபிலிம் இருந்தது. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரெஞ்சு நிறுவனமான போஷேயின் தொழில்நுட்பத்தில் 1967இல் உற்பத்தி தொடங்கியது. தூசியில்லாத குளிர்ந்த காற்று, தெளிந்த நீர் இரண்டும் ஃபிலிம் பூச்சுக்குத் தேவை என்பதால் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து வந்த கறுப்பு வெள்ளை ரோல்களும் தாளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலும் மருத்துவமனைகளிலும் புழங்கின. வண்ணம் மலிந்தது, இறக்குமதி தளர்ந்தது, 1990களின் நடுவில் ஆலை நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் வந்து சேருமுன்பே அது படுத்துவிட்டிருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கொன்றது டிஜிட்டல் என்ற பொதுவான எண்ணம் நம் நாட்டைப் பொறுத்தவரை பிழை. கொன்றது வண்ண ஃபிலிம். இன்று இங்கே ஒருவர் ஃபிலிம் ரோல் வாங்கினால் அது வெளிநாட்டிலிருந்து வந்தது. சாம்பலின் விதியும் அங்கிருந்தே வருகிறது. வந்தபின் திருவனந்தபுரத்தில் கழுவ வேண்டும். டெவலப்பருக்கான கால அட்டவணைகள் 20 டிகிரியை வைத்து எழுதப்பட்டவை. இங்கே குழாயைத் திறந்தால் வருவது அதைவிட வெகுவாகச் சூடான நீர். ஐஸ் கட்டி போட்டுக் குளிர்விக்க வேண்டும், அல்லது நேரத்தைக் குறைத்துச் சமாளிக்க வேண்டும். சூட்டில் ஜெலட்டின் உப்பிவிட்டால் படமே சுருக்கம் விழுந்துபோகும். இந்தத் தொல்லைகளை ரசிப்பவர்கள் உண்டு. ரசனையை மதிக்கலாம், அதை வாதமாக ஏற்க முடியாது.

ஒரே இடத்தில் மட்டும் ஃபிலிம் தன் வாதத்தில் வெல்கிறது என்று ஒப்புக்கொள்வேன்: எடுத்தபின் எஞ்சுவது எது என்ற இடத்தில். நெகட்டிவ் ஒரு பொருள். அதில் முடிவு ஏற்கெனவே விழுந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கருவி எதுவுமின்றிக் கண்ணுக்குத் தெரியும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துச் சேர்த்த தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு, பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. களவுபோன சிலைகள் எந்தக் கோயிலைச் சேர்ந்தவை என்று நிறுவ அந்தப் படங்கள் சான்றாகியிருக்கின்றன. அங்கே பயன்பட்டது படத்தின் அழகு அல்ல. இன்ன ஆண்டில் இன்ன கருவறையில் இந்தச் சிலை நின்றது என்பதைப் பின்னால் யாரும் மாற்றியிருக்க முடியாத ஒரு பொருளாக அந்த நெகட்டிவ் இருந்ததுதான். டிரைப் மேகம் வரைந்தது இதற்கு எதிர்வாதம் ஆகாதா என்றால், ஆகாது. அவர் வரைந்த தூரிகைத் தடம் அந்த நெகட்டிவின் மேலேயே இருக்கிறது, ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் ஆய்வாளர்களால் அதைப் பார்க்க முடிகிறது. ஃபிலிமிலும் பொய் சொல்லலாம், ஆனால் பொய்யும் அங்கே தடயத்தோடு தங்கிவிடுகிறது.

அதற்காக நெகட்டிவ் சாகாவரம் பெற்றதென்று நினைக்க வேண்டாம். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல உணவு. அசிட்டேட் ஃபிலிம் காடி நாற்றத்தோடு சுருண்டு போகும். ஹைப்போ சரியாகக் கழுவப்படாத பிரிண்ட் மஞ்சளித்து மங்கும். எக்ஸ்ரே ஃபிலிமை வெள்ளிக்காக எடைக்கு வாங்கும் வியாபாரம் இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடித் தொகுக்கும் பணியை அதே புதுச்சேரி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கையிலெடுத்தார்கள். தேடி எடுத்தவற்றை அவர்கள் காப்பாற்றும் வழி டிஜிட்டல் பிரதி. ஆக, ஃபிலிமின் ஆயுளுக்கே டிஜிட்டல்தான் இப்போது துணை. திருவனந்தபுரத்தின் சிவன், 1957இல் இ.எம்.எஸ். தலைமையிலான முதல் கேரள அமைச்சரவை பதவியேற்றதைப் படமெடுத்தவர், 1959இல் நகரில் ஸ்டூடியோ திறந்தவர், 2021இல் மறைந்தார். அவருடைய தலைமுறையின் வேலையை இன்று பெரும்பாலோர் பார்ப்பது ஸ்கேன் செய்த வடிவில், செல்போன் திரையில்தான். ஸ்கேன் செய்யும்போது கறுப்பு எவ்வளவு கறுப்பு, வெள்ளை எவ்வளவு வெள்ளை என்று மறுபடியும் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை.

டிஜிட்டலில் எடுப்பவரின் நிலைமை இன்னும் சிக்கல். 'ரா' கோப்பு நெகட்டிவ்போல என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த ஒப்புமையில் உடன்பாடு இல்லை. நெகட்டிவில் சாம்பல் இருக்கிறது; கோப்பில் சாம்பலே கிடையாது, மூன்று நிறங்களின் எண்கள் மட்டும். படமெடுத்தவர் தென்னையைக் கறுப்பாக்கி ஓட்டை வெளுப்பாக்கினார் என்ற முடிவு, மென்பொருள் பக்கத்தில் எழுதி வைத்த சில குறிப்புகளில் இருக்கிறது. மென்பொருளின் அடுத்த பதிப்பு அதே குறிப்புகளை வேறுவிதமாகப் படிக்கலாம்; நிறுவனமே மூடினால் குறிப்பு போகும், எண்கள் மிஞ்சும். ஐம்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறந்தால் அவர் காண்பது வண்ணத்தில் ஒரு குளக்கரை. எடுத்தவர் அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் கண்டார் என்பதற்கு அதற்குள் எந்த அடையாளமும் இருக்காது. ஆகவே ஸ்ரீவராகத்தின் படிகளையும் கோட்டைக்குள்ளிருக்கும் அக்கிரகாரத் தெருக்களையும் டிஜிட்டலில் கறுப்பு வெள்ளையாகப் பதிகிறவர் செய்ய வேண்டிய வேலை ஷட்டரோடு முடியவில்லை. அமிலமில்லாத தாளில் நல்ல பிரிண்ட் ஒன்றாவது போட்டு, பின்புறத்தில் தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதி, 'ரா' கோப்போடு சாம்பலாக மாற்றி முடித்த கோப்பையும் தனியாகச் சேமித்து, இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காமல் இருப்பது அதன் குறைந்தபட்ச அளவு. பிரிண்டுக்கு ஆகும் செலவு ஃபிலிம் ரோலைவிட அதிகமாகவும் வரலாம். கேமரா வாங்கும்போது இந்தச் செலவையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.